சுண்டெலியிடம் கேட்ட கேள்விகள்

வாயில் புண் வந்து ஆறாமல் நிற்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவரானாலும் சரி, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியில் இருப்பவரானாலும் சரி, நீலகிரியில் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓடிவிடும். அப்புறம் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம் கிளம்பும். நீர் கோத்து, தளர்ந்து, துணி பட்டாலே உடைந்துவிடும் கொப்புளம். அம்மை என்று வேப்பிலை வைப்பார்கள், அக்கி என்று காவி எழுதுவார்கள். உடைந்த இடம் பச்சைப் புண்ணாக விரிந்துகொண்டே போன பிறகுதான் ஊட்டிக்கோ, மலையிறங்கிக் கோவைக்கோ கிளம்புவார்கள். அங்கே தோல் மருத்துவர் கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கிற தோலை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் அவருக்குப் பாதி விடை தெரிந்துவிடும். நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ்.

இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் படுத்தால் ஒட்டாது, சாப்பாட்டால் வந்ததும் அல்ல. கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள், தோல் செல்களை ஒன்றோடு ஒன்று பிடித்துவைத்திருக்கும் புரதத்தையே தாக்குகிறது. மேல்தோலின் செல்கள் பிடி விட்டுப் பிரிய, இடையில் நீர் சேர்கிறது. இதற்கு உறவான இன்னொரு நோய் பெம்ஃபிகாய்டு. அது பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். முதலில் தாங்கமுடியாத அரிப்பு, பிறகு சட்டென்று உடையாத கெட்டியான கொப்புளம். அங்கே பிரிவது செல்லும் செல்லும் அல்ல. மேல்தோல் முழுவதுமாக, அடித்தோலை விட்டுக் கிளம்புகிறது. ஐரோப்பாவில் பெம்ஃபிகாய்டுதான் அதிகம். நம் நாட்டில் பெம்ஃபிகஸ் அதிகம், அதுவும் மேலைநாடுகளைவிட இளம் வயதிலேயே வருகிறது.

இந்த இரண்டும் வேறு வேறு நோய் என்று தோல் மருத்துவர் வால்டர் லீவர் நுண்ணோக்கி வழியாகப் பிரித்துக் காட்டியது 1953இல்தான். ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் இறந்துபோனார்கள். தோல் இல்லாத உடம்பிலிருந்து நீரும் புரதமும் வடிந்துபோகும், கிருமி உள்ளே நுழையும். தீக்காயத்தில் சாவது மாதிரியான சாவு. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் வாழையிலையில் படுக்கவைத்து, ஸ்டீராய்டு கொடுத்து, மாதக்கணக்கில் கவனித்துப் பிழைக்கவைக்கிறார்கள். அந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியில் நிறைய நோயாளிகள் இருக்கிறார்கள், நிறையச் சுண்டெலிகளும் இருக்கின்றன. ஒரு விலங்கு மனித நோயைப் பற்றி எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை விளக்க இந்த நோயைப் போலத் தெளிவான உதாரணம் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பாய்ட்னரும் ராபர்ட் ஜோர்டனும் பெம்ஃபிகஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், மேல்தோல் செல்களின் விளிம்பெல்லாம் மீன்வலை மாதிரிப் பச்சையாக ஒளிர்ந்தது. இன்றைக்கும் இந்தப் பரிசோதனை நடக்கிறது. குரங்கின் உணவுக்குழாயிலிருந்து வெட்டிய மெல்லிய சீவல்மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். எதிர்ப்பொருள் இருந்தால் ஒளிரும்.

ஆனால் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, அது குற்றவாளி என்பது வேறு. தீக்காயம் பட்டவர்களின் ரத்தத்திலும் இந்த மாதிரி எதிர்ப்பொருள்கள் தென்பட்டிருக்கின்றன. அவை காயத்தால் வந்தவை, காயத்தை உண்டாக்கியவை அல்ல. பெம்ஃபிகஸிலும் தோல் வேறு ஏதோ காரணத்தால் பிரிந்து, அந்தச் சிதைவைப் பார்த்து உடம்பு பின்னால் எதிர்ப்பொருளைத் தயாரித்திருக்கலாம் அல்லவா? நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைத் தீர்க்க முடியாது. எது முன், எது பின் என்று தெரிய வேண்டுமானால், நோயே இல்லாத ஓர் உயிரிடம் அந்த எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

உடம்பு தன்னையே தாக்கும் என்ற எண்ணம் விலங்குச் சோதனைக்குள் வந்த கதையில் குன்னூருக்கும் ஒரு பங்கு உண்டு. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தை நாய்க்கடி ஊசி தயாரிக்கும் இடமாகத்தான் மலையில் எல்லோருக்கும் தெரியும். 1907இல் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு அங்கே தயாரானது செம்பிள் வகை தடுப்பூசி. ஆட்டின் மூளையில் வெறிநாய்க்கடி வைரஸை வளர்த்து, மூளையை அரைத்து, பீனால் சேர்த்து வைரஸைச் செயலிழக்கச் செய்த மருந்து. தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்று அந்தத் தலைமுறை இன்றும் நடுக்கத்தோடு சொல்வது அதைத்தான். கணக்கில்லாத உயிர்களை அது காப்பாற்றியது. அதே ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கைகால் செயலிழந்தது, சிலர் இறந்தும் போனார்கள். காரணம் வைரஸ் அல்ல. ஊசியில் கலந்திருந்த ஆட்டு மூளையின் நரம்பு உறைப் புரதம். அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்ட உடம்பு, அதே மாதிரி இருக்கும் தன் நரம்பு உறையையும் தாக்கியது. மூளைத் திசு கலந்த ஊசி எங்கெல்லாம் போடப்பட்டதோ அங்கெல்லாம் இந்த விபத்து நடந்தது. இந்தியா அதை முழுவதுமாகக் கைவிட்டது 2005 வாக்கில்தான்.

இந்த விபத்துகளின் காரணத்தைத் தேடித்தான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். அதில் வைரஸே கிடையாது. அப்படியும் குரங்குகளுக்கு வாதம் வந்தது, மூளையில் நரம்பு உறை அழிந்திருந்தது. 1933இல் வெளியான அந்தச் சோதனைதான் தன்னுடல் தாக்கு நோய்க்கு ஆய்வுக்கூடத்தில் உருவான முதல் விலங்கு மாதிரிகளில், அதாவது ஆராய்வதற்காக விலங்கில் வரவைத்த நோய்களில், ஒன்று. நரம்பு உறை அழியும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயின் ஆராய்ச்சி இன்றுவரை பெருமளவு அதன் வழியில் நடக்கிறது. சோதனை நடந்தது குன்னூரில் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பிய மனிதர்கள், குன்னூர் மாதிரியான ஊர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதே குன்னூரில்தான் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கி, புறாக்களுக்கும் எலிகளுக்கும் விதவிதமான உணவு கொடுத்துச் சத்துக்குறைவு நோய்களை ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. விலங்கை வைத்து மனித நோயை ஆராய்வது இந்த மலைக்கு நூறு வருடப் பழக்கம்.

1957இல் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி ஒரு நோயைத் தன்னுடல் தாக்கு நோய் என்று சொல்ல என்னென்ன ஆதாரம் வேண்டும் என்று வரையறுத்தார். பின்னாட்களில் அதைத் திருத்தி எழுதியவர்கள், எல்லாவற்றிலும் வலுவான ஆதாரமாக வைத்தது இதை: நோயாளியின் எதிர்ப்பொருளை எடுத்து வேறொரு உடம்பில் செலுத்தினால் அங்கேயும் நோய் வர வேண்டும். பெரும்பாலான நோய்கள் இந்தத் தேர்வில் தேறவில்லை. பெம்ஃபிகஸ் தேறியது.

1982இல் கிராண்ட் அன்ஹால்ட், லூயிஸ் டியாஸ் குழுவினர் பெம்ஃபிகஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளின் வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். குட்டிகளுக்குத் தோலில் கொப்புளம் வந்தது. விரலால் தேய்த்தால் மேல்தோல் உரிந்தது, மருத்துவர் நோயாளியிடம் பார்க்கும் அதே அறிகுறி. நுண்ணோக்கியிலும் மனிதத் தோலில் தெரியும் அதே பிளவு. எதிர்ப்பொருளின் அளவு கூடக் கூட நோயும் கூடியது. நோயில்லாதவர்களின் ஐஜிஜியைச் செலுத்திய குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டிகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. உடம்பு சிறியது, கொஞ்சம் எதிர்ப்பொருளே போதும். ரோமம் இன்னும் முளைத்திருக்காது, தோல் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி, எதிர்ப்பொருள் எப்படிப் பிரிக்கிறது? வழக்கமாக எதிர்ப்பொருள் இலக்கில் ஒட்டிக்கொண்டதும், ரத்தத்தில் இருக்கும் கம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் கிளம்பும், வெள்ளணுக்கள் வந்து சேரும், அழற்சி உண்டாகும். அந்தக் கூட்டத்தின் முக்கியமான அங்கம் இல்லாத சுண்டெலிகளிலும் கொப்புளம் வந்தது. எதிர்ப்பொருளின் வாலை வெட்டி எறிந்துவிட்டு, ஒட்டிக்கொள்ளும் நுனியை மட்டும் செலுத்தியபோதும் வந்தது. ஆக, பெம்ஃபிகஸில் வெள்ளணுப் படை வந்து அழிக்க வேண்டிய தேவையே இல்லை. எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்வதே பிடியை விடுவிக்கப் போதும். ஒரு மனித நோயின் இயங்குமுறையை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டிய விலங்குச் சோதனைகள் குறைவு என்று துணிந்து சொல்வேன்.

அது எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்பது 1991இல் தெரிந்தது. மசாயுகி அமகாயும் ஜான் ஸ்டான்லியும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் டெஸ்மோக்ளீன் 3. அதற்கு அண்ணன் தம்பி மாதிரி டெஸ்மோக்ளீன் 1 என்று ஒன்று. 1997இல் டெஸ்மோக்ளீன் 3 மரபணுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். எதிர்ப்பொருள் எதுவும் செலுத்தாமலே அவற்றுக்கு வாயில் புண் வந்தது. சாப்பிட முடியாமல் மற்ற குட்டிகளைவிடச் சிறுத்தே வளர்ந்தன. ரோமமும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அதே நேரம், உடம்புத் தோலில் பெரிதாகக் கொப்புளம் இல்லை.

இங்கேதான் நோயாளிகளிடம் வெகுநாளாகப் புரியாமல் இருந்த ஒரு விஷயம் பிடிபட்டது. பெம்ஃபிகஸ் வல்காரிஸ் ஏன் வாயில் தொடங்கி, பிறகுதான் தோலுக்கு வருகிறது? பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் என்ற இன்னொரு வகை ஏன் தோலோடு நின்றுவிடுகிறது, வாயைத் தொடுவதே இல்லை? இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்தாலும் கதவு நிற்கும். இரண்டையும் திறந்தால்தான் திறக்கும். தோலின் ஆழத்தில் இரண்டு டெஸ்மோக்ளீனும் இருக்கின்றன, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். தோலின் மேலடுக்கில் 1 மட்டும்தான் கணக்கில் வரும். வாயின் உள்சவ்வில் 3தான் பெரும்பங்கு. எனவே 3க்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும்வரை வாயில் மட்டும் புண். நாளடைவில் 1க்கு எதிராகவும் கிளம்பும்போது தோலும் பிரிகிறது. 1க்கு எதிராக மட்டும் வந்தால் தோலின் மேலடுக்கு உதிர்கிறது, வாய் தப்பிக்கிறது. 1999இல் சுண்டெலிகளில் எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் செலுத்தி இதைக் காட்டினார்கள்.

இதே விளக்கம் ஒரு பச்சைக் குழந்தைப் புதிரையும் தீர்த்தது. பெம்ஃபிகஸ் வல்காரிஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை சில சமயம் கொப்புளத்தோடு பிறக்கும். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாக வந்தது, சில வாரத்தில் அழிந்ததும் தானாக ஆறிவிடும். ஆனால் ஃபோலியேசியஸ் உள்ள தாயின் குழந்தைக்கு அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. எதிர்ப்பொருள் அங்கேயும்தான் கடந்து வருகிறது. பிறகு ஏன்? பிறந்த குழந்தையின் தோலில் டெஸ்மோக்ளீன் 3 மேலடுக்குவரை பரவியிருக்கிறது, பெரியவர்களுக்கு அப்படி இல்லை. இதை நிரூபிக்க, மேலடுக்கிலும் டெஸ்மோக்ளீன் 3 இருக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு ஃபோலியேசியஸ் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். சாதாரணச் சுண்டெலிகளுக்கு விரிந்த மாதிரி அவற்றுக்குக் கொப்புளம் விரியவில்லை. 2000இல் வெளியான ஆய்வு அது. கர்ப்பிணி நோயாளியிடம் குழந்தைக்கு என்ன ஆகும் என்று இன்று ஒரு மருத்துவர் தெளிவாகச் சொல்ல முடிகிறதென்றால், அதில் இந்தச் சோதனைக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டில், குழந்தைகளுக்குத் தோல் உரியும் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றில் அந்தக் கிருமியின் நச்சு வெட்டுவதும் டெஸ்மோக்ளீன் 1ஐத்தான் என்று தெரியவந்தது. கிருமியும் எதிர்ப்பொருளும் ஒரே இடத்தில் கைவைக்கின்றன.

எதிர்ப்பொருளை வெளியிலிருந்து செலுத்தும் மாதிரியில் ஒரு குறை உண்டு. செலுத்திய எதிர்ப்பொருள் தீர்ந்ததும் நோய் நின்றுவிடும். நோயாளிக்கு அப்படி நிற்பதில்லை, அவர் உடம்பு விடாமல் தயாரிக்கிறது. 2000இல் அமகாய் இதற்கு எடுத்த வழி எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. டெஸ்மோக்ளீன் 3 இல்லாமல் பிறந்த சுண்டெலியின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தைப் பார்த்ததே கிடையாது. அதற்கு அது அந்நியம். அந்தச் சுண்டெலிக்கு டெஸ்மோக்ளீன் 3ஐ ஊசியாகப் போட்டால் கடுமையாக எதிர்க்கும். அப்புறம் அதன் மண்ணீரல் செல்களை எடுத்து, டெஸ்மோக்ளீன் 3 இருக்கிற, ஆனால் சொந்தமாக நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாத வேறொரு சுண்டெலிக்குள் விட்டார். வந்த செல்கள் புது உடம்பில் குடியேறி, மாதக்கணக்கில் எதிர்ப்பொருள் தயாரித்தன. வாயில் புண், எடை குறைவு, ரோம உதிர்வு எல்லாம் வந்தன. நோயைத் தானே நடத்திக்கொண்டு போகும் முதல் பெம்ஃபிகஸ் சுண்டெலி அது. தயாரிக்கும் செல்லையே தாக்கும் சிகிச்சையைச் சோதிக்க இப்படிப்பட்ட மாதிரிதான் தேவை. 2016இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஏமி பெய்ன் குழு, டெஸ்மோக்ளீன் 3ஐத் தூண்டிலாகத் தாங்கிய டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை வடிவமைத்து, அந்தத் தவறான எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்களை மட்டும் தேடிக் கொல்ல முடியும் என்று சுண்டெலியில் காட்டியது. பிறகு அது மனிதர்களிடம் சோதனைக்குப் போனது.

பெம்ஃபிகாய்டில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. நோயாளியின் எதிர்ப்பொருளைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் ஒன்றுமே ஆகாது. அது தாக்கும் பிபி180 என்ற புரதத்தின் முக்கியமான பகுதி, மனிதனுக்கும் சுண்டெலிக்கும் வேறு வேறாக இருக்கிறது. மனித எதிர்ப்பொருளுக்குச் சுண்டெலியின் புரதம் தெரியவே தெரியாது. 1993இல் ஷி லியூவும் டியாஸும் இதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுண்டெலியின் அந்தப் புரதத் துண்டை முயலுக்கு ஊசி போட்டு, முயல் தயாரித்த எதிர்ப்பொருளை எடுத்துச் சுண்டெலிக் குட்டிக்குக் கொடுத்தார்கள். கொப்புளம் வந்தது. அதற்கு அடுத்த வருடங்களில் ஒவ்வொரு கண்ணியையும் கழற்றிப் பார்த்தார்கள். கம்ப்ளிமென்ட் இல்லாத சுண்டெலிக்கு வரவில்லை. அழற்சியைக் கிளப்பும் மாஸ்ட் செல் இல்லாததற்கு வரவில்லை. நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை நீக்கினால் வரவில்லை. பெம்ஃபிகஸுக்கு நேரெதிர்: இங்கே எதிர்ப்பொருள் ஆளைக் கூப்பிடுகிறது, வந்தவர்கள்தான் அழிக்கிறார்கள்.

ஆனால் பெம்ஃபிகாய்டு நோயாளியின் கொப்புளத்தை வெட்டிப் பார்த்தால் நிறைய இருப்பது நியூட்ரோஃபில் அல்ல, இயோசினோஃபில் என்ற வேறு வகை வெள்ளணு. ஐஜிஇ வகை எதிர்ப்பொருளும் உண்டு. கொப்புளத்துக்கு முன்னால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், தூங்கவிடாத அரிப்பு. முயல் எதிர்ப்பொருள் பெற்ற சுண்டெலிக் குட்டியின் நோயில் இவற்றுக்கு இடமில்லை. அந்த மாதிரி பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. அந்தப் பதிலையே மனித நோயின் முழுப் படமாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. பின்னால் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் சுண்டெலியின் புரதத்தை எடுத்துவிட்டு மனிதனின் புரதத்தை வைத்த சுண்டெலிகளை உருவாக்கினார்கள், 2007இல் வெளியானது. அதில் நோயாளியின் எதிர்ப்பொருளே வேலை செய்தது. இந்த மாதிரியான மனிதமயச் சுண்டெலிகளில்தான் ஐஜிஇயும் இயோசினோஃபிலும் சேர்ந்து கொப்புளம் உண்டாக்குவதை 2018இல் காட்ட முடிந்தது. 2025இல் பெம்ஃபிகாய்டுக்கு அமெரிக்கா அனுமதித்த டுபிலுமாப் என்ற மருந்து, இயோசினோஃபிலும் அரிப்பும் இருக்கும் அந்தப் பாதையைத்தான் அடைக்கிறது. அந்தப் பாதையைக் காட்டியதில் நோயாளியின் படுக்கைக்கும் பங்கு இருக்கிறது.

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா அக்விசிடா என்ற அரிய கொப்புள நோய்க்கும் 2005இல் இதே முயல் வழியில் மாதிரி கிடைத்தது. தாக்கப்படும் புரதம் ஏழாம் வகை கொலாஜன். தோலில் நியூட்ரோஃபில் என்ன செய்கிறது என்று பார்க்க இன்று அதிகம் பயன்படுவது இது.

சுண்டெலியை விட்டு நாய்க்கு வருவோம். ஊட்டியிலும் குன்னூரிலும் வீட்டு நாய்க்கு மூக்குத் தண்டிலும் காதிலும் பாதத்திலும் பொருக்குத் தட்டினால் சொறி என்றோ உண்ணி என்றோதான் முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நாய்களுக்கு வரும் தன்னுடல் தாக்குத் தோல்நோய்களில் அதிகம் வருவது பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ்தான். யாரும் ஊசி போட்டு வரவைத்தது அல்ல, தானாக வருவது. மனிதனோடு அதே வீட்டில், அதே வெயிலில் வாழும் ஓர் உயிருக்கு இயல்பாக வரும் நோய் என்பதால் நாயை ஆராய்வதில் தனி மதிப்பு உண்டு. இங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. மனிதனில் ஃபோலியேசியஸின் இலக்கு டெஸ்மோக்ளீன் 1. நாயில் முக்கியமான இலக்கு அது அல்ல, அதற்குச் சொந்தக்காரப் புரதமான டெஸ்மோகாலின் 1 என்று 2012இல் தெரிந்தது. ஒரே மாதிரிப் பொருக்கு, ஒரே மாதிரிப் பிளவு, ஆனால் வேறு புரதம். வெளித்தோற்றத்தை வைத்து ஒரே நோய் என்று முடிவு கட்டியிருந்தால் தவறாகியிருக்கும்.

மருந்து விஷயத்தில் இந்த வேறுபாடுகள் விலை கேட்கின்றன. ஐஜிஜி எதிர்ப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் நிலைக்க உதவும் ஓர் ஏற்பி, அதாவது அதைப் பிடித்துக் காக்கும் ஒரு புரதம், உண்டு. அந்த ஏற்பி இல்லாத சுண்டெலிக் குட்டிகளுக்கு நோயாளியின் எதிர்ப்பொருளைச் செலுத்தினாலும் கொப்புளம் வரவில்லை என்று 2005இல் காட்டினார்கள். தர்க்கம் நேரானது: ஏற்பியை அடைத்தால் கெட்ட எதிர்ப்பொருள் சீக்கிரம் அழியும், நோய் குறையும். அந்த ஏற்பியை அடைக்கும் எஃப்கார்டிஜிமாட் என்ற மருந்து தசைச்சோர்வு நோயில் நன்றாகவே வேலை செய்கிறது. பெம்ஃபிகஸில் மூன்றாம் கட்டச் சோதனை 2023 கடைசியில் இலக்கை எட்டவில்லை. எதிர்ப்பொருளை ஒரு முறை வாங்கிக்கொண்டு ஓரிரு நாளில் சோதனை முடியும் குட்டியும், வருடக்கணக்கில் எதிர்ப்பொருள் தயாரித்துக்கொண்டு கூடவே ஸ்டீராய்டும் சாப்பிடும் நோயாளியும் ஒன்றல்ல. சுண்டெலியின் தோலும் நம் தோல் அல்ல. அது மெல்லியது, சில செல் தடிமன்தான், முழுக்க ரோமக்கால்கள்.

எல்லாச் சிகிச்சையும் விலங்கிலிருந்து வந்ததும் அல்ல. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் மாதாமாதம் குளுக்கோஸோடு ஏற்றும் முறையை 1980களில் தில்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா தொடங்கினார். இந்தியா முழுதும் பரவி எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்த அந்த முறை வார்டில் பிறந்தது. பி செல்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப் முதலில் நிணநீர்ப் புற்றுநோய்க்கான மருந்து. நோயாளிகளிடம் நேரடியாகக் கொடுத்துப் பார்த்துத்தான் பெம்ஃபிகஸுக்கு வந்தது. 2018இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது. பி செல்லை அழித்தால் ஏன் பெம்ஃபிகஸ் அடங்குகிறது என்பதைப் புரியவைத்ததுதான் சுண்டெலியின் வேலை.

இதையெல்லாம் எழுதும்போது அந்தக் குட்டிகளை மறக்க முடியாது. பிறந்த மறுநாள் தோல் உரிந்து, அன்றோ மறுநாளோ கொல்லப்படுபவை அவை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் 1998இல் வந்த விதிகளும் விலங்குச் சோதனையைக் கட்டுப்படுத்துகின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். விலங்குக்கு மாற்று இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்ற மூன்று கட்டளைகளை விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959லேயே எழுதிவிட்டார்கள். மருந்துச் சோதனையில் விலங்கில்லா முறைகளை ஏற்கும் திருத்தத்தை இந்தியாவும் 2023இல் கொண்டுவந்தது. பெம்ஃபிகஸில் இதற்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. அறுவை சிகிச்சையில் வெட்டி எறியும் மனிதத் தோலைச் சில நாள் உயிரோடு வைத்து, எதிர்ப்பொருளை அதிலேயே செலுத்தினால் பிளவு உண்டாகிறது, மருந்து அதைத் தடுக்கிறதா என்றும் பார்க்க முடிகிறது. எதிர்ப்பொருள் ஒட்டினாலே போதும் என்று முன்பு சுண்டெலி சொன்னதால்தான் இன்று சுண்டெலி இல்லாமலே இதைச் செய்ய முடிகிறது. எதிர்ப்பொருள் கொப்புளம் தருமா என்ற ஒரே கேள்விக்காக இனியும் குட்டிகளைப் பயன்படுத்தும் ஆய்வை ஒரு நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பினால் அது நியாயம் என்றே நினைக்கிறேன். பெம்ஃபிகாய்டில் நிலைமை வேறு. ரத்தத்திலிருந்து வெள்ளணு வந்து சேர வேண்டிய நோயை, ரத்தம் ஓடாத தோல் துண்டில் முழுதாகப் பார்க்க முடியாது.

எந்தச் சுண்டெலியும் இன்னும் பதில் சொல்லாத கேள்வி, முதல் எதிர்ப்பொருள் ஏன் கிளம்பியது என்பது. நோயாளிகளில் பலரிடம் நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட சில எச்எல்ஏ மரபணு வகைகள் இருக்கின்றன, ஆனால் அந்த வகை இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஒரு துப்பு பிரேசிலிலிருந்து வந்திருக்கிறது. அந்த நாட்டின் உள்பகுதிக் கிராமங்களில் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் ஒரு வட்டார நோயாகவே இருக்கிறது, ஒரே குடும்பத்தில் பலருக்கு வருகிறது. ரத்தம் குடிக்கும் ஈக்கள்மேல் அங்கே வெகுநாளாகச் சந்தேகம். மணல் ஈயின் உமிழ்நீரில் இருக்கும் ஒரு புரதத்தைச் சுண்டெலிகளுக்கு ஊசியாகப் போட்டபோது, அவை தயாரித்த எதிர்ப்பொருள் டெஸ்மோக்ளீன் 1ஐயும் பிடித்தது. ஆட்டு மூளைப் புரதத்துக்கு எழுந்த எதிர்ப்பு நரம்பைத் தாக்கிய அதே வழி. அந்தச் சுண்டெலிகள் சொன்னது, ஈக்கடியிலிருந்து இந்த எதிர்ப்பொருள் வர முடியும் என்பதுவரைதான். அந்தக் கிராமங்களில் எல்லோரையும்தான் ஈ கடிக்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் அது நோயாக மாறுகிறது என்பதற்கான பதிலை, அங்கே நோய் வருவதற்கு முன்பிருந்தே வருடக்கணக்கில் ரத்த மாதிரி கொடுத்துவரும் கிராமத்து மக்களிடம்தான் ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.